ஷட்டரில் வரைந்த கடை

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. தெருவில் விசாரித்தால் கோணல் அக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்து மூன்று. பழைய அச்சகத்தின் மாடியில், படியேறியதும் இடது பக்க வீட்டில், பெயிண்டராக இருக்கும் என் தம்பியுடன் குடியிருக்கிறேன். சைக்கிள் ஆலையில் சக்கரப் பிரிவில் வேலை பார்த்தேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்துக் கம்பியை முறுக்குவது என் வேலை, அதனால் வந்த பெயர் அது. ஆலை மூடியதிலிருந்து நிலையான வேலை இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் காவல் ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன். எனக்கு எதையும் என்ன ஏது என்று கேட்காமல் விட முடியாது, இந்த வழக்கே அதனால் வந்த வினைதான். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

ஆலை மூடியதும் கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிவிட்டன. அதன் பிறகு நகரசபை பொருளாதார மீட்புத் திட்டம் என்று ஒன்று போட்டு, வேலை போனவர்களுக்குத் திறன் பயிற்சி கொடுப்பதாக அறிவித்தார்கள். நானும் போனேன். நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உட்காரவும் சிரிக்கவும் நன்றாகவே கற்றுக்கொண்டேன், நேர்காணலுக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை. அதே திட்டத்தில், மூடிக் கிடக்கும் கடைகளின் ஷட்டர்களில் திறந்திருக்கும் கடைகளைப் போலப் படம் வரைவது என்றும் முடிவானது. தொழில் தொடங்க வருகிறவர்கள் தெருவைப் பார்த்து மிரண்டு திரும்பிப் போய்விடக் கூடாதாம். அந்த வேலை என் தம்பிக்குக் கிடைத்தது.

அவன் ஒரு பூக்கடையும் ஒரு புத்தகக் கடையும் வரைந்தான். அதன் பிறகு, முன்பு செருப்புக் கடையாக இருந்த மூலைக் கடையின் ஷட்டரில் பழுது பார்க்கும் கடை ஒன்றை வரைந்தான். திறந்த கதவு, உள்ளே மேசை, சுவரில் தொங்கும் சக்கரம், மேசைக்குப் பின்னால் வேலை செய்கிற இரண்டு ஆட்கள், அதில் ஒருவருக்கு மீசை. நகரசபை கொடுத்த மாதிரிப் படத்தில் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சைபர்களாக இருந்தன. அது நிஜம் மாதிரி இல்லை என்று அவன் தன் இஷ்டத்துக்கு என் நம்பரை எழுதிவிட்டான். எனக்குத் தெரிந்தபோது பெயிண்ட் காய்ந்திருந்தது.

"ஏன்டா, உலகத்துல வேற நம்பரே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உன் நம்பர் ஒண்ணுதான்க்கா," என்றான்.

அவனுக்குச் சாப்பாடு போட்டேன்.

அதன் பிறகு போன்கள் வரத் தொடங்கின. முதலில் கூப்பிட்டவர்களிடம் அது வெறும் படம், கடை கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருவர் ஷட்டர் முன்னாலேயே நின்றுகொண்டு, "கதவு தொறந்துதானேம்மா இருக்கு," என்று என்னிடமே வாதாடினார். தொட்டுப் பாருங்கள் என்றேன். ஷட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு சிரிக்கிற சத்தம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. ஒரு படத்தை நம்பி அப்படி எதைத்தான் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்?

அன்று முதல், கடை இல்லை என்று சொன்ன கையோடு, என்ன ரிப்பேர் என்றும் எல்லோரிடமும் கேட்டேன். குழந்தை வண்டி என்றார்கள், பயணப் பெட்டியின் சக்கரம் என்றார்கள். பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். இத்தனை நாள் எங்கே கொடுத்தீர்கள் என்றால், எங்கேயும் இல்லை, கம்பெனிக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் திரும்பி வராது, அதுவரை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான் என்றார்கள். சக்கரம் செய்தே பிழைத்த ஊரில் ஒரு சக்கரத்தை நிமிர்த்த ஆள் இல்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்படிக் கூப்பிட்டவர்களில் தையல்கார அம்மாவும் ஒருவர். கால் வராது, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறார். அவர் நாற்காலி இடது பக்கமே இழுக்கிறது என்றார். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அதன் பிறகு கை சும்மா இருக்காமல் ஒரு நட்டை முறுக்கினேன், நாற்காலி இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது.

"முன்னாடி ஒரு பக்கமா இழுத்துச்சு, இப்ப ராட்டினம் மாதிரி சுத்துது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினா பறக்குமா?" என்று கேட்டார்.

மானம் போயிற்று. மறுநாள், ஆலையில் என்னோடு வேலை பார்த்த, பஞ்சர் என்ற பட்டப்பெயர் கொண்டவரை இழுத்துக்கொண்டு போய், இருவரும் அந்த நாற்காலியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்து, ஒரு வழியாக நேராக ஓட வைத்தோம். அதன் பிறகு அந்த ஷட்டர் முன்னால் நடைபாதையில் ஸ்டூல் போட்டுக் காலையில் உட்காருவது எங்களுக்கு வழக்கமாயிற்று. கூலி வாங்கினோம். இனாமாகச் செய்தேன் என்று சொல்லி இங்கே நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

பின்னர் நகரசபை மண்டபத்தில் மீட்புத் திட்டம் பற்றிய மக்கள் கூட்டம் நடந்தது. திட்ட அலுவலர் திரையில் படங்கள் காட்டினார். எங்கள் மூலைக் கடையையும் காட்டி, புத்துயிர் பெற்ற கடை, இருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. அவர் எண்ணியது என்னையும் பஞ்சரையுமா, இல்லை என் தம்பி வரைந்த அந்த இரண்டு ஆட்களையா? எழுந்து நின்று, "சார், அந்தக் கடைல வேலை பாக்கறது யாரு?" என்று கேட்டேன். விவரம் அலுவலகத்தில் இருக்கிறது என்றார். "மீசை வச்சவரும் அதுல சேர்த்தியா சார்?" என்று கேட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சத்தியமாக நான் வம்புக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அலுவலரின் முகம் சிவந்து போனதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை இரண்டு காவலர்கள் ஷட்டர் முன்னால் வந்தார்கள். நகரசபைச் சொத்தில் இல்லாத கடையை இருப்பதாகக் காட்டி நான் பொதுமக்களை ஏமாற்றுவதாகத் திட்ட அலுவலர் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். என் கருவிப் பையையும் போனையும் எடுத்துக்கொண்டார்கள். தையல்கார அம்மாவின் நாற்காலி பிரேக் மாற்றுவதற்காக அன்று அங்கே வந்திருந்தது, வலது சக்கரத்தைத் தளர்த்தி வைத்திருந்தேன். பையைக் கொண்டுபோங்கள், நாற்காலியை விடுங்கள் என்று கெஞ்சினேன். அதுவும் சாட்சிப் பொருள் என்று வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஏமாற்றினாயா என்று ஆய்வாளர் கேட்கிறார். கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் அது படம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த வார்த்தை பேசினேன். கடையாக நடிக்கச் சொல்லிப் படம் வரைய வைத்தது நான் இல்லை.

நேற்று தையல்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கட்டிலிலேயே இருக்கிறார். மெஷின் நான்கு அடி தள்ளி இருக்கிறது, அதில் பாதி தைத்த சட்டை அப்படியே மாட்டியிருக்கிறது. குளியலறைக்குப் போகவும் சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். என்னைத் திட்டவில்லை. "நீ என்னம்மா பண்ணுவ," என்றார். திட்டியிருந்தால் தேவலை. வழக்கை நினைத்து எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் சட்டைதான் தெரிகிறது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நாற்காலியை அனுப்பிவிடுங்கள் என்று ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு ஆய்வாளர், நாற்காலியை இன்றே கொடுக்கத் தனக்குத் தடையில்லை, ஆனால் சக்கரம் ஆடுகிறது, காவல் நிலையத்திலிருந்து போன பொருளால் அந்த அம்மா கீழே விழுந்தால் காவல் துறைதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். நான் சரிசெய்கிறேன் என்றேன். புகாருக்கு உள்ளானவர் சாட்சிப் பொருளில் கை வைக்கக் கூடாது, வேறு ரிப்பேர்காரர் வந்து பார்க்க வேண்டும் என்றார். வேறு ஆள் இந்த ஊரில் கிடையாது சார் என்றேன். அவர் நம்பவில்லை. மேசையில் இருந்த போனில் நகரசபையின் தகவல் பிரிவைக் கூப்பிட்டு, சக்கர நாற்காலி பழுது பார்ப்பவர் யார் என்று விசாரித்தார். அவர்கள் ஒரு நம்பர் சொன்னார்கள். அவர் அதை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டு, அந்த நம்பரைக் கூப்பிட்டார்.

ஏமாந்தவர்கள் யாராவது பேசினால் தெரியட்டும் என்று என் போனை அணைக்காமல் உறையில் போட்டு அதே மேசையில் வைத்திருந்தார்கள். அது அடித்தது. ஆய்வாளர் உறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கச் சொன்னார். உறையோடு காதில் வைத்து, "சொல்லுங்க, என்ன ரிப்பேர்?" என்றேன். மேசைக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்தபடியே அவர் போனில், "ஒரு சக்கர நாற்காலி. வலது சக்கரம் ஆடுது. எப்ப வர முடியும்?" என்றார். பையைத் திருப்பிக் கொடுத்தால் இப்போதே என்றேன். கொடுத்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையெழுத்தின் மேல் படிந்திருக்கும் கிரீஸ் கறையும் என்னுடையதே.

(ஒப்பம்)