மூவாயிரம் மாப்பிள்ளைகள்

தேவநாதன்: மூவாயிரம் மாப்பிள்ளைங்க, ஜெயா! அத்தன பேரும் என்னைக் கட்டிக்கத்தான் பறந்து வந்தானுங்க. பொய்யா இருந்தா நம்ம உப்பளத்துல உப்புக்குப் பதிலா சக்கரை விளையட்டும்.

ஜெயா: விளைஞ்சா நல்லதுதான். நம்ம பொண்ணு இலக்கியாவுக்கு வந்திருக்கறது ஒரே ஒரு மாப்பிள்ளை. நேத்து பொழுது சாஞ்சு அவங்க வானூர் வீட்டுல இலை போட்டு, சாதம் வச்சு, கை நனைக்கற நேரத்துல சட்டையக் கழட்டி வீசிட்டு ஓடினீங்களே... அதுக்குப் பதில் சொல்லுங்க.

தேவநாதன்: அதான் சொல்றேன்ல! வந்தவனுங்க எல்லாம் அந்துப்பூச்சி. ஆம்பள அந்துப்பூச்சி.

ஜெயா: அண்ணா, கேட்டியா உன் மாப்ள பேச்ச? நீதான பக்கத்து இலையில உக்காந்திருந்த?

அப்பாதுரை: கேட்டுக்கினுதான் இருக்கேன். கரண்டு போச்சு. ஒரே இருட்டு. மாப்ள 'ஐயோ அம்மா'ன்னு கத்துனாரு. கரண்டு வந்தப்போ வெறும் மாரோட வாசல் வேப்ப மரத்தடியில நின்னாரு. பூச்சியெல்லாம்... நான் ஒண்ணும் பாக்கல.

தேவநாதன்: பாக்கலயா? உன் காதுக்குள்ள ஒருத்தன் குடித்தனமே வச்சிருந்தானே மச்சான்!

அப்பாதுரை: கொசுவா இருக்கும்.

தேவநாதன்: கொசுவா? ஒண்ணொண்ணும் காக்கா சைஸு!

ஜெயா: காக்காவா...

தேவநாதன்: சரி, குருவின்னு வச்சிக்கோ. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்.

ஜெயா: பூச்சிக்கு உங்க மேல இன்னாங்க அவ்ளோ ஆசை?

தேவநாதன்: பிரம்மதேசத்துல நம்ம மல்லாட்டைக் கொல்லையில, கடலைச் செடியப் புழு திங்காம இருக்க, பூச்சிப் பொறி கட்டியிருக்கோமில்ல? அதுல வைக்கற ரப்பர் மூடியில பொட்டப்பூச்சியோட வாசனை இருக்குது. நம்ம மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. ஆம்பளப் பூச்சிக்கு அதுதான் கல்யாணப் பத்திரிகை. மோந்துக்கினே வந்து பொறியில விழுவான். அவன் விழுந்தா முட்டை இல்ல, புழு இல்ல.

ஜெயா: அது பொறியில. நீங்க பந்தியில இருந்தீங்க.

தேவநாதன்: மிச்ச மூடிய உப்பளத்துத் தகரக் கொட்டாயில வச்சிருந்தேன். அங்கருந்தே நேரா கெளம்பலாம்னு புதுச்சட்டையும் அங்கதான் தொங்குச்சு. மாசி மாசத்துக்கே கத்திரி வெயிலு! தகரம் தோசைக்கல்லு மாதிரி காயுது. மூடி மொத்த வாசனையையும் கக்கிடுச்சு, சட்டை குடிச்சிடுச்சு.

ஜெயா: அந்தச் சட்டையத்தான் விடியறவரைக்கும் பல்பு போட்டுக் கொடியில தொங்க வுட்டேன். ஒரு பூச்சி எட்டிப் பாக்கலியே!

அப்பாதுரை: அப்பிடிக் கேளு.

தேவநாதன்: உப்பங்காத்துல பூச்சி ஏது? இதெல்லாம் வெயில் பண்ற கூத்து. சுனாமி அடிச்சிட்டு அடங்கிச்சு, இந்த வெயில் அடங்கல. பொட்டப்பூச்சி பாவம், செடியில உக்காந்துக்கினு வாசனை வுட்டுக் கூப்பிடுது. பத்தடி போறதுக்குள்ள அது ஆவியா போயிடுது. ஆம்பளைங்க விலாசம் தொலைச்ச தபால்காரன் மாதிரி கொல்லை கொல்லையா அலையறானுங்க. எறும்பப் பாரேன்! முன்னாடி போறவன் தடவிட்டுப் போற வாசனை வரப்புலயே காஞ்சிடுது. பின்னாடி வர்றவன் என்னை நிறுத்தி வழி கேக்கறான்.

ஜெயா: நீங்களும் கைகாட்டி அனுப்பினீங்களாக்கும்.

தேவநாதன்: பின்ன? ஒரு மாசம் உழைக்கற மூடி இந்த வருஷம் பத்து நாள்ல வெறும் ரப்பரு.

அப்பாதுரை: பத்து நாள் எங்க... ஒரு வாரம் தாண்டல.

ஜெயா: உனக்கு எப்பிடித் தெரியும்?

அப்பாதுரை: எனக்கும் அங்கதான கொல்லை இருக்குது... பொதுவா சொன்னேன்.

ஜெயா: சரி, சிரிச்சது போதும். மாப்பிள்ளையோட பெரியப்பா தெய்வசிகாமணி போன் பண்ணாரு. 'இலையில உக்காந்து கை நனைக்காம எழுந்தா சம்மந்தம் வேணாம்னு அர்த்தம். ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துடறோம்'னாரு. வர்ற பஸ்ஸுல வந்து எறங்கறாரு. இலக்கியா காலையிலருந்து காபிகூடக் குடிக்கல. அவளுக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குதுங்க.

தேவநாதன்: காபிகூடவா குடிக்கல?

ஜெயா: சொல்லுங்க. அவருகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?

தேவநாதன்: குடிச்சிருந்தேன்னு சொல்லிடறேன்.

ஜெயா: என்னாது! கள்ளுக்கடைப் பக்கம் போனாலே தும்மற ஆளு நீங்க!

தேவநாதன்: பூச்சின்னு சொன்னா பைத்தியம்பாங்க. பைத்தியக்காரன் வீட்டுல யாரு பொண்ணு எடுப்பாங்க? குடிச்சேன்னா திட்டுவாங்க. கையில கால்ல விழுந்தா மறுபடி இலை போடுவாங்க. எம்மானம்தான... போனாப் போவுது.

ஜெயா: ஊரு பூரா உங்கள குடிகாரன்னு...

தேவநாதன்: சாதாரணக் குடிகாரன் இல்ல, பீப்பாய்ல குடிப்பேன்னு சொல்லப் போறேன். சொல்றதுதான் சொல்றோம்...

அப்பாதுரை: வேணாம் மாப்ள. தாய்மாமன் நான் பேசிக்கறேன்.

ஜெயா: நீ இன்னா பேசுவ? நீதான் ஒண்ணுமே பாக்கலியே.

தேவநாதன்: அவன உடு ஜெயா. அதோ பஸ் ஆரன் கேக்குது. தலையக் கொஞ்சம் கலைச்சு வுடு. இன்னும் கொஞ்சம்... குடிகாரன் மாதிரி இருக்கறனா?

ஜெயா: அழுவாச்சி வருதுங்க...

தேவநாதன்: அதுவும் நல்லதுதான். குடிகாரன் பொண்டாட்டி சிரிச்சிக்கினு நின்னா நம்ப மாட்டாங்க. மச்சான், கைத்தாங்கலா என்னைப் புடிச்சிக்கினு வா, போலாம்.

அப்பாதுரை: உக்காருய்யா! ஒண்ணும் நடிக்க வேணாம்... பூச்சி வந்துச்சு. உன் சட்டைக்கு வரல, என் மடிக்கு வந்துச்சு. என் கொல்லையில மூடியெல்லாம் வெயில்ல செத்துப்போச்சு, புழு இலைய சல்லடையா துளைக்குது. நேத்து வானூர் போற வழியில பிரம்மதேசத்துல நீ மோட்டார் கொட்டாயில கை கால் கழுவினப்ப, உன் பொறியில இருந்த புது மூடி அத்தனையும் உருவி வேட்டி மடியில சொருவிக்கினேன். அவங்க வீட்டச் சுத்தி ஒரே மல்லாட்டைக் கொல்லை. கரண்டு போனதும் மொத்தக் கூட்டமும் உள்ள பூந்துடுச்சு, பக்கத்து இலையில இருந்த உன் சட்டைக்குள்ளயும். உனக்காவது சட்டை, கழட்டி வீசிட்டு ஓடின. எனக்கு வேட்டி! பந்தியில எதக் கழட்டறது? பல்லக் கடிச்சிக்கினு ரசம் சாதம் தின்னேன். மூவாயிரம் இருக்காது ஜெயா... ஆனா வந்தது நெசம். காலையில குளிக்கறப்பகூட ரெண்டு பேரு போவாம இருந்தானுங்க.