ஹேர்ஸ்பிரே அடிக்காத குழாய்

முந்நூற்றிருபது குதிரைகளை ஒற்றை விரலால் நிறுத்தியவன் நான். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் யாரிடம் இதைச் சொன்னாலும், "கரடியைக் கன்னத்துல அறைஞ்சவன்தானே நீ, மெர்ல்" என்று சிரிப்பார்கள். கரடியை நான் அறையவில்லை. குப்பைத்தொட்டி மூடியைத் தட்டினேன், அது ஓடிவிட்டது. ஓடியது கரடிதானா என்பதுகூட நிச்சயமில்லை. நாற்பத்தொரு வருடம் கார் ரேடியேட்டர்களின் ஓட்டை அடைத்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படி அளப்பதைவிட்டால் என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? ஆனால் குதிரை விஷயத்தில் நான் ஒரு குதிரையைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை கார் பந்தயத்துக்காக மலைப்பாதையை இரண்டு நாள் மூடிவிடும். இரண்டு மைல், ஒன்பது வளைவு. கார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும், கடிகாரம்தான் எதிராளி. கீழே படையின் கூடத்தில் கோழியும் சோளமும் போட்ட சூப் கொதிக்கும். அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் பத்தொன்பது வருடமாக ஒரே பெயர்: மெர்ல் ஸெர்ப், ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. சூப் வாங்கப் போகிற சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வருவேன். சில நாள் ஐந்து கிண்ணம் குடித்திருக்கிறேன்.

லமார் ஹோக் என் நண்பன். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். அறுபத்தெட்டாவது வயதில், முந்நூற்றிருபது குதிரைசக்தி கொண்ட பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினான். அவன் மனைவி ஃபெர்ன் என்னிடம் சொன்னாள்: "இத்தனை வருஷம் இருபத்தஞ்சு மைலுக்கு மேல போகாத மனுஷன். சேத்து வெச்ச வேகத்தை எல்லாம் இப்ப எடுத்துச் செலவு பண்ணப் போறார்."

மே மாத ஒத்திகையில் பாதி மலைக்கு மேல் அவன் வண்டி சோர்ந்துபோனது. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊதுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றில் வலு கிடையாது. இடையில் அதைக் குளிரவைக்க இருப்பதுதான் இன்டர்கூலர். லமார் வண்டியில் இருந்தது தொழிற்சாலையில் வைத்த சின்னது, ஒரு பிரெட் பாக்கெட் அளவு.

"ரேடியேட்டர்காரன் நீதானடா. நீயே பார்த்து வை. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றான்.

இரண்டு வாரம் தேடினேன். சின்னப் பையன்கள் எல்லோரும் முன்பக்கம் முழுவதையும் அடைக்கிற ஒன்றைச் சொன்னார்கள். அதன்மேல் ஒரு முழுப் பன்றியைக் கிடத்தி வாட்டலாம். அதற்குள் காற்று நிரம்பி எஞ்சினுக்கு வருவதற்குள் வளைவே முடிந்துவிடும். பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் மூச்சு முட்டும். நான் எடுத்தது நடுத்தரம்: தடித்த பட்டைகள், நெருக்கமான மடிப்புகள், பற்றவைப்பு ஒரு குழந்தை தடவினாலும் கீறாத அளவு வழவழப்பு. பம்பருக்குப் பின்னால் இருந்த தகரத்தில் அரை அங்குலம் வெட்டினேன், அவ்வளவுதான். பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது எஞ்சினுக்குள் போன காற்று வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் சூடு. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அது. இதில் மிகையே இல்லை.

குழாய்களை இணைக்கிற ரப்பர் உறைகள் காற்றின் அழுத்தத்தில் கழன்றுவிடக் கூடாது. அதற்காக இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: குழாயின் நுனியில் ஹேர்ஸ்பிரே அடித்து, ஈரம் காயும் முன் உறையை ஏற்றி, அதைச் சுற்றி இறுக்குகிற கிளாம்ப்பை முறுக்குவது. காய்ந்தால் கோந்துபோலப் பிடித்துக்கொள்ளும். லமார் ஃபெர்னுடைய டப்பாவை எடுத்து வந்தான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நான் தலைவிரிகோலமாப் போறேன். அந்தக் காருக்கு ஒரு முடியும் கலையாது" என்றாள் ஃபெர்ன். மூவரும் சிரித்தோம்.

சனிக்கிழமை லமார் ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பதில் ஏறினான். அதுவும் ஒரு கியரைத் தவறவிட்டு. கூடத்தில் எல்லோரும் என் தோளில் தட்டி, "உன் பலகை நாளைக்குப் போச்சு. அதுவும் நீயே வெச்ச இன்டர்கூலரால" என்றார்கள். நானும் உரக்கச் சிரித்தேன். அன்று சூப் இறங்கவில்லை.

ஞாயிறு முற்பகல் அவன் ஹெல்மெட் மாட்டி உள்ளே உட்கார்ந்திருந்தான். "கடைசியா ஒருதரம் பார்த்துடறேன்" என்று பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் வாயருகே இருந்த உறையைக் கழற்றினேன். ஒட்டியிருந்த ஹேர்ஸ்பிரேயைத் துடைத்தேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதன் நுனியை விரலால் வழித்து, உறையின் உட்புறம் ஒரு சுற்று தடவினேன். மறுபடி மாட்டி, கிளாம்ப்பை முறுக்கி, பானெட்டை மூடி, அவனுக்குக் கட்டைவிரல் காட்டினேன்.

உறை கழன்றால் காற்று வெளியே போகும், வண்டி இருமிக்கொண்டு நிற்கும், ஒரு ஓட்டம் வீணாகும். அடுத்த வருடம் அவன் ஜெயிக்கட்டும். நான் கேட்டது ஒரே ஒரு வருடம். பந்தயம் நடத்தும் கிளப்புக்குப் பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த கடிதத்திலும் இப்படித்தான் எழுதினேன்.

கழன்றது ஆறாவது வளைவில். முழு வேகத்தில் திரும்புகிற வண்டிக்குச் சட்டென்று வலு அறுந்தால் பின்பக்கம் வெளியே வீசும். வண்டி மரங்களுக்குள் இறங்கியது. லமார் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை.

அதன்பின் நான் நல்லவனாக இருந்தேன். அவன் வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டினேன். தினமும் காலை அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். ஊரே புகழ்ந்தது. கூடத்தில் எனக்கு ஒரு விருந்து வைத்தார்கள். என் பெயர் இருந்த பலகைக்குக் கீழே என்னை உட்கார வைத்தார்கள். அந்த வாரம்தான் கடிதம் எழுதினேன். கிளப் நம்பியது, பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஃபெர்ன் நான் பேசி முடிக்கும் முன்பே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து கதவைத் திறப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். போலீஸும் நம்பியது, இலையுதிர்காலத்தில் வழக்கு வருகிறது.

நம்பாதவன் லமார் ஒருவன்தான்.

"கரடிக் கதை மாதிரிதான் இதுவும்" என்பான். "என்னை நெனச்சு உருகி உருகி ஒரு பாவத்தைக் கண்டுபிடிச்சிருக்கே. காபியை ஊத்து."

அவன் நம்பாதவரை நான் அந்த வீட்டுக்குப் போய் வர முடிந்தது. அதனால் அவனிடம் நான் ரொம்ப வற்புறுத்தவும் இல்லை.

போன செவ்வாய் அவனுடைய கராஜில் உட்கார்ந்திருந்தோம். நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்த இன்டர்கூலர் பெஞ்சின் மேல் இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

"நீ பொய் சொல்றேன்னு என்னால நிரூபிக்க முடியும். எண்ணெய் தடவியிருந்தா ஸ்டார்ட்ல நான் மிதிச்ச முதல் மிதிலயே பிச்சுக்கிட்டு போயிருக்கணும். அங்கதான் அழுத்தம் அதிகம். ஆறாவது வளைவு வரைக்கும் எப்படிடா தாங்குச்சு?"

அந்தக் கேள்வியைக் கிளப் கேட்கவில்லை. போலீஸுக்குக் கேட்கத் தெரியவில்லை. ரேடியேட்டர்காரனும் பேருந்து ஓட்டுநரும் மட்டுமே கேட்கக்கூடியது அது.

"கிளாம்ப்பை அரைச் சுத்து கூட முறுக்கினேன்" என்றேன்.

"எதுக்கு?"

"ஸ்டார்ட்ல கழலக் கூடாதுன்னு. அங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் போட்ட குழாய் எல்லார் கண்ணு முன்னாடியும் கழண்டா, மெர்லுக்கு ஒரு உறையை மாட்டத் தெரியலைன்னு சொல்லுவாங்க. மலைமேல கழண்டா உன் ஓட்டத்தைக் குறை சொல்லுவாங்க."

"மேல வளைவுதான் இருக்குன்னு தெரியும்."

"தெரியும்."

நான் எழுந்து, உள்ளே போகலாம் என்று அவன் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். அவன் பிரேக்கைப் போட்டான்.

"பானெட்டுக்குக் கீழ ஒரு இடுக்கு இருக்குமில்ல, அது வழியா உன் கையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "கம்பியை உருவினே. துணியில தொடைக்கல. விரல்ல வழிச்சே. என்னடா பண்றான்னு தோணுச்சு. மெர்ல் பண்றான், சரியாத்தான் இருக்கும்னு கிளம்பிட்டேன். இத்தனை மாசமா நான் பார்க்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் கைப்பிடியை விடவில்லை.

"நடந்ததுடா, மெர்ல். நீதான் பண்ணினே. கையை எடு, ஃபெர்னைக் கூப்பிடு."