நாற்றம் நின்ற நாள்

நான் யார் பேச்சையும் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமுட்டர் ரயிலில் வந்தபோது, எதிரே ஒரு பெரியவரும் அவர் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் மனைவி ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாத்தம் நின்னிருக்கவே கூடாது மச்சான்," என்றார் பெரியவர்.

"எந்த நாத்தம் மாமா?"

"சுமத்ராவுல மகன் வேலை பார்த்த எடத்து நாத்தம்லா. பூமிய ஆழமா தோண்டி, அடியில கொதிக்கிற ஆவிய மேல கொண்டாந்து, அதுல மெஷின சுத்தவிட்டு கரண்டு எடுப்பாங்க. ஆவியோட ஒரு கேஸும் வரும். கூமுட்ட நாத்தம். சோறே எறங்கலம்மான்னு தினம் போன்ல சொல்வான்."

"அது நிக்கணும்னு அக்கா வேண்டிக்கிச்சே."

"ஆமா. அன்னிக்குக் கூப்பிட்டு, இப்ப நாத்தமே இல்லம்மான்னான். இவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரத்துல போய்ட்டான். சவப்பெட்டியோட வந்த கம்பெனி ஆபீசர்தான் என்கிட்ட தனியா சொன்னாரு. அந்த கேஸ் விஷமாம், கூடிட்டா மூக்கு செத்துடுமாம். நாத்தம் தெரியலன்னா உடனே ஓடணுமாம். பிள்ளைக்கு அது தெரியல."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிலா சொல்றது?"

ஸ்டேஷன் வந்தது. அந்த அம்மாள் விழித்துச் சேலையைச் சரிசெய்தாள்.

"துக்கம்னு ஒரு வருசமா கோயில் வாசப்படி மிதிக்கல. இன்னிக்கு வேண்டுதல முடிச்சிடணுங்க. கடைசியிலயாவது பிள்ள நல்ல காத்த சுவாசிச்சான். சாமி அந்த மட்டும் கேட்டுச்சு."

"ஆமா," என்று பெரியவர் எழுந்து, அவள் இறங்கக் கை கொடுத்தார்.