வால் நுனியில் போட்ட சாயம்

காபியில் சர்க்கரை கம்மியாக இருந்தால் சொல்லுங்கள் சார். நானே போட்டது. இந்த வீட்டில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரிய வந்தது.

நாய் விளையாட்டுச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வந்ததும் நல்லதுதான். வெளியே ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆமாம், உங்கள் மைதானத்தில் ஓடி ஜெயித்தது எங்கள் வீட்டு லட்டு இல்லை, வேறு நாய். ஏன் என்று முழுக்கக் கேட்டால் உங்களுக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

வீரபாண்டியில் எனக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையர் ஆபீஸ்காரர் ஒருவர், "கோயமுத்தூர்ல டாக் ஸ்போர்ட்ஸ் நடக்குதுங்க, வாங்க போலாம்" என்று கூப்பிட்டார். ஆர்டர் கொடுக்கிறவர் கூப்பிட்டால் குரங்குக் கல்யாணத்துக்கும் மொய் எழுதப் போக வேண்டியதுதான். போனேன். அங்கே தொந்தியும் தொப்பியுமாக ஒரு பெரிய மனிதர், தன் நாய்க்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுகிறார். நாய் தடையைத் தாண்டுகிறது, குழாய்க்குள் புகுந்து வெளியே வருகிறது, நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. மத்தியானத்துக்குள் நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். என் மகன் யுவன் பட்டம் வாங்கியபோதுகூட நான் அப்படிக் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்து லட்டுவைப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தது.

லட்டு என் மனைவி சுபஸ்ரீ வளர்த்த நாய். யுவன் கனடாவுக்குப் போன பிறகு, கம்பெனி வேஸ்ட் துணி மூட்டைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தாள். அதுவரை சாப்பிடாமல் கிடந்தவள், அதற்குப் பால் ஊட்டத்தான் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். செம்பழுப்பு நிறம், நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை. அவள் கையால் தயிர்சாதம் பிசைந்து வைத்தால்தான் தின்னும். அதனாலேயே அவள் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தி முடிந்ததும் திரும்பிவிடுவாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாயின் எடைக்கு யார் பொறுப்பு என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

பயிற்சியை நானே ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் துணியைக் குழாயாகவே நெய்கிறோம் இல்லையா, ஒரு ரோலை இழுத்துக் கட்டினால் அருமையான சுரங்கம். உள்ளே போன லட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் துணியைத் தலைக்கு அணைகொடுத்துத் தூங்குகிறது. தடைக்கு நூல் கோன் அட்டைப்பெட்டிகளை வைத்தேன். அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் காலை நக்கியது.

"ஏனுங்க, அது ஓடோணும்னு யாரு அழுதாங்க?" என்றாள் சுபஸ்ரீ.

"திறமையை வெளியே கொண்டாரணும் கண்ணு" என்றேன்.

"அதுக்குத் திறமை படுத்துக்கறதுலதாங்க."

முதல் போட்டியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கே இருந்தீர்கள். விசில் அடித்ததும் லட்டு நேராகக் கூட்டத்துக்குள் போய், ஒரு குழந்தை கையில் இருந்த பன்னுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. நான் மட்டும் மூன்று தடையைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனி சரவணக்குமார் அதை வீடியோ எடுத்து, எங்கள் முதலாளிகள் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். 'அண்ணனுக்கே முதல் பரிசு' என்று கீழே எழுதியிருந்தான். அதன் பிறகு எந்தச் சாயப்பட்டறைக்குப் போனாலும் என்னைப் பார்த்து விசில் அடித்தார்கள்.

சார், எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பனியனை முழுக்க ஒரே ஆள் செய்வதே இல்லை. நெய்வது ஒரு இடம், சாயம் போடுவது ஒரு இடம், வெட்டுவது, தைப்பது எல்லாம் வெவ்வேறு இடம். நம்மால் ஆகாததை வெளியே ஜாப் ஒர்க்குக் கொடுத்துவிடுவோம். கடைசியில் லேபிள் மட்டும் நம்முடையது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. லட்டுவின் ஓட்டத்தையும் நான் வெளியே கொடுத்தேன், அவ்வளவுதான்.

மடத்துக்குளத்தில் சுப்பையன் என்று ஒரு விவசாயி. அவர் தோட்டத்தில் மயில் விரட்டுகிற நாய் ஒன்று. நிறம், நெஞ்சு வெள்ளை எல்லாம் லட்டுவை உரித்து வைத்ததுபோல. ஒல்லி, ஓட்டமோ காற்று. வேலியைத் தாண்டியதை நானே பார்த்தேன். வால் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தது. 'பத்து நாள் பயிற்சி முகாம்' என்று சுபஸ்ரீயிடம் சொல்லிவிட்டு, லட்டுவைக் காரில் ஏற்றிப்போய் அங்கே விட்டுவிட்டு, அந்த நாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேலுக்கு ஒரு மூட்டை செகண்ட்ஸ் பனியன், சின்னப் பழுதுக்குக் கழித்தது, கொடுத்தேன்.

"உங்குளுது காவலுக்கு ஆகுங்களா?" என்று கேட்டார் சுப்பையன்.

"நல்லாச் சாப்பிடுங்க" என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

காரை எடுக்கும்போது லட்டு கூடவே வந்து கதவு பக்கத்தில் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏசி போட்டிருந்தேன்.

வால் நுனிக்குத்தான் கொஞ்சம் வேலை பிடித்தது. லட்டுவின் முடியில் ஒரு கொத்தை முன்பே வெட்டி வைத்திருந்தேன். அதைச் சாயப்பட்டறை லேபில் இருக்கிற முனீஸிடம் கொடுத்து, இந்த ஷேடு வேண்டும், தோலுக்கு ஒன்றும் செய்யாத சாயமாக இருக்க வேண்டும் என்றேன்.

"எந்த பையருக்கு அண்ணாச்சி?" என்றான். அவன் தெற்கத்திப் பையன்.

"ரொம்பக் கண்டிப்பான பையர்ப்பா" என்றேன். என் வீட்டுக்காரியைத்தான் சொன்னேன்.

சாயம் அச்சு அசலாக வந்தது. புது நாயை, போட்டிக்கு நாய் பழக்குகிற ஒரு கோச்சிடம் அந்தப் பத்து நாளும் விட்டு, லட்டு என்ற பேரையும் பழக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுபஸ்ரீ தயிர்சாதத்தோடு கேட்டிலேயே நின்றாள். நாய் அவளைத் தாண்டிப் போய்த் தென்னைமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

"என்னையத் தெரியலீங்க அதுக்கு" என்றாள்.

"பயிற்சி எடுத்த நாய் அப்படித்தான். கண்டவங்க கையில் தின்னாது."

"நான் கண்டவளாங்க?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வீண் பேச்சை வளர்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். தன்னைப் பத்து நாள் விட்டுவிட்டாள் என்று லட்டுவுக்குக் கோபமாம். சாயங்காலமானால் அந்த நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "இனி உன்னைய எங்கியும் அனுப்ப மாட்டேன் சாமி, ஒருவாய் தின்னு" என்று மன்னிப்புக் கேட்பாள். கண்ணெல்லாம் நனைந்திருக்கும். நானும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். புது நாய்க்கு மனிதர்களோடு பழகுவதற்கு நல்ல வாய்ப்பு என்று தோன்றியது. அவளுக்கும் பொழுது போயிற்று. அடுத்த போட்டியில் நாய் முதலாவதாக வந்தது. சரவணக்குமார் குரூப்பில் ஒரு கும்பிடு போட்டான். நான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், உங்களிடம் மறைப்பானேன்.

பெரிய போட்டிக்கு முதல் நாள். சுபஸ்ரீ கோயிலுக்குப் போயிருந்தாள். கம்பெனி வாசலில் தூத்துக்குடிக்குப் போகிற லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலிருந்து ஒரு நாய் நொண்டிக்கொண்டு வந்தது. பாதி உடம்புதான் இருந்தது. காதில் புண். மடத்துக்குளத்திலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிய வேகத்தில் பின்பக்கமே ஆடியது.

நீங்களே யோசியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு லட்டு இருக்க முடியுமா? மறுநாள் சுபஸ்ரீ முதல்முதலாகப் போட்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் மனம் கஷ்டப்படக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். லாரியின் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. நான் ஏறி நின்று, "லட்டு, வா" என்றேன்.

ஒரே தாவு. அந்த நொண்டிக்காலோடு. அவ்வளவு உயரத்தை உங்கள் சங்கத்தில் எந்த நாய்க்கும் வைப்பதில்லை. மேலே வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது சார். இதை அன்றைக்கே தாண்டியிருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் உண்டா? நான் மட்டும் இறங்கிக்கொண்டு தார்ப்பாயைக் கட்டச் சொன்னேன்.

"எங்க எறக்கிவிடணும் அண்ணாச்சி?" என்றான் டிரைவர் ஜெயபாண்டி.

"ஹார்பர்ல விட்டுடு. மீன் கிடைக்கும்."

மறுநாள் மைதானத்தில் நடந்ததற்கு நீங்களே சாட்சி. பரிசு கொடுக்க வந்த நடுவரம்மா நாயை வாலோடு சேர்த்துத் தடவிக் கொடுத்தார். தூறல் வேறு. அவருடைய வெள்ளைக் கையுறை பூராவும் செம்பழுப்பு. ஷேடு பார்த்தவன், சாயம் கையில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்க்கவில்லை. இருபது வருடமாகத் துணியில் நான் செய்யாத தப்பு அது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சுபஸ்ரீ கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். வாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சத்தம் எல்லாம் போடவில்லை.

"நம்ம லட்டு எங்கீங்க?"

சொன்னேன். மடத்துக்குளத்தையும் சொன்னேன், லாரியையும் சொன்னேன். ஒளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அவள் அங்கேயே நின்று ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். கோவில்பட்டி தாண்டி டீ குடிக்க நிறுத்தினபோது நாய் குதித்து இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்துவிட்டது என்றான். அதற்குத் திசை நன்றாகத் தெரிகிறது. உங்கள் போட்டியில்தான் அதற்கு ஒரு பிரிவு இல்லை.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். கோவில்பட்டி பக்கம் தங்கி, ரோட்டோரமாகத் தேடுகிறாளாம். நான் போன் செய்தால் எடுப்பதில்லை, அங்கே டவர் சரியில்லை போல.

பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. நாய் கிடைத்ததும் அவள் வந்துவிடுவாள். நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். புடவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள், அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி, மாற்றுக்கு வேண்டுமே. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற பீரோ சாவிக்கொத்தைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனது மட்டும்தான் முதலில் எனக்குப் புரியவில்லை. அலைச்சலில் தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் வைத்திருப்பாள்.