மாப்பிள்ளை மோட்டாரில் ஒரு படம்

பேருந்தில் அந்நியர் பேச்சைக் கேட்பதற்காகவே, பாட்டு ஓடாத இயர்போனைக் காதில் செருகிக்கொள்ளும் ஆசாமி நான். மந்தின் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு அம்மாக்கள் என் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"மகளுக்கு இந்தப் பரிசம் வேணாம்னு சொல்லப்போறேன். மாப்பிள்ள மோட்டர் சைக்கிள்ல ஜப்பான் கார்ட்டூன் ஹீரோ படம் ஒட்டியிருக்கான்."

"சின்னப்புள்ளத்தனம் லா. விடுங்கக்கா."

"அந்தக் கார்ட்டூன நான் முழுசா உக்காந்து பாத்தேன். எதிரி களச்சுப் போயிட்டான். அப்பவே முடிச்சிருக்கலாம். இந்த ஹீரோ, 'ஓய்வெடுத்துட்டு முழு பலத்தோட வா'ங்கிறான்! அதுக்குள்ள ஊரே எரியுது, பொண்டாட்டி புள்ள அங்கதான் இருக்கு, இவன் சிரிக்கிறான். அவன புடிச்சவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்குறது?"

ரஹாங் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் தோழி சொன்னாள்:

"உங்க வீட்டுக்காரரு லோரியில முருகர் படந்தான் ஒட்டியிருக்காரு. போன வாரம் காப்பிக்கடையில நாற்காலியத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்குப் போனது யாரு, முருகரா?"