ஒரு தடவை என்பது

— அதெப்படி சார், இன்டர்நெட் லைன் அறுந்து திரும்ப சேந்தா அது புதுசா இன்னொரு தடவையா? அதே ஆளு, அதே நாற்காலி, அதே கட்டுரை. எழுந்துகூடப் போகல.

— பாருங்கோ நோரா மேடம். திரும்பச் சேர்ந்துதா இல்லையா? சேர்ந்துது. பத்திரிகைக் கம்பெனிக்காரன் கணக்குல ஏத்திண்டானா இல்லையா? ஏத்திண்டான். அப்ப அது இன்னொரு தடவைதான், கேட்டேளா?

— இந்த அடையாறுல உங்க இன்ஸ்டிட்யூட் லைன் ஒரு மணி நேரத்துல எட்டு வாட்டி அறுந்து போகுது. மழை வந்தா சொல்லவே வேணாம். ஆக, போன் எவ்ளோ மட்டமோ, லைப்ரரி அவ்ளோ பிரமாதம். அப்படித்தானே?

— பகவான் குடுத்த லைன். நான் என்ன பண்ண முடியும்?

— சாந்தோம்ல எங்க காலேஜ் லைன் நல்லா இருக்கறது நாங்க செஞ்ச பாவம். மாதாவே.

— நான் அப்படிச் சொல்வேனா? காப்பியைக் குடியுங்கோ, ஆறிண்டிருக்கு. கனகராஜ், மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் சக்கரை.

— சக்கர தீந்துபூட்ச்சு சார். நேத்தே சொன்னேன், நீங்கதான் காதுல வாங்கிக்கல.

— சார், சக்கரை கெடக்குது. நாலு மணிக்கு ஆழ்வார்பேட்டைல கமிட்டி உக்காருது. ஏப்ரல்லேர்ந்து ரெண்டு லைப்ரரிக்கும் ஆன்லைன் பத்திரிகைக்குப் பணம் கட்ட முடியாது, யாரு ஜாஸ்தி உபயோகிக்கிறாங்களோ அவங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க கிளிக்க எண்ணுறீங்க, நான் ஆள எண்ணுறேன். "ஒரு தடவை"ன்னா எதுன்னு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பணும். அத வெச்சுதான் அவங்க கணக்கு போடுவாங்க.

— எழுதிட்டாப் போச்சு. ஒரு கிளிக், ஒரு தடவை. முடிஞ்சுது.

— கிளிக்கா? உங்க கம்ப்யூட்டர் ரூம் செவுத்துல போர்டு மாட்டி வெச்சிருக்கீங்களே, "எதையும் இரண்டு முறை அழுத்தவும்"னு. அது யாரு எழுதினது?

— நான்தான். பச்சை மசி. கையெழுத்தைப் பாத்தேளோ, முத்து முத்தா இருக்கும்.

— கையெழுத்து அழகுதான் சார். ஆனா இன்டர்நெட்ல ஒரு தட்டு போதும். உங்க சயன்டிஸ்டுங்க எல்லாரும் போர்டப் பாத்து ரெண்டு ரெண்டா தட்டித் தட்டி, கம்பெனி ரிப்போர்ட்ல எல்லாமே டபுளா நிக்குது.

— அது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

— தெரிஞ்ச பிறகு கழட்டினீங்களா?

— ஆணி துருப்பிடிச்சுடுத்து. வர மாட்டேங்கறது.

— அந்த ஆணிய நானே புடுங்கித் தர்றேன். இப்ப என் கணக்கக் கேளுங்க. ஒரு ஆளு வந்து உக்காந்து எழுந்து போற வரைக்கும் ஒரு தடவ. நடுவுல லைன் எத்தன வாட்டி அறுந்தாலும் சரி, அவரு எத்தன தட்டு தட்டினாலும் சரி. உங்க ரூம் வாசல்லயும் கையெழுத்து போடற ரிஜிஸ்டர் இருக்குல்ல?

— இருக்கு, இருக்கு. அதுல எங்க டைரக்டருக்கு இஷ்டமில்லை. கம்பெனி ரிப்போர்ட்ல பதினெட்டாயிரம்னு வந்துது, அதை ஃப்ரேம் போட்டு ரூம்ல மாட்டிண்டிருக்கார். வரவா போறவாளுக்கெல்லாம் காமிக்கறார். இப்ப நான் போய், "சார், நெஜமாவே நூத்துச் சொச்சம்தான்"னு சொன்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

— மூஞ்சிய விடுங்க சார். எங்க பொண்ணுங்கள நெனச்சுப் பாருங்க. ராயபுரத்துலேர்ந்து, பாலவாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு வரிசைல நிக்கிறாங்க. லைன் போயிட்டா, கட்டுரை நகல் கேட்டு டெல்லிக்கு லெட்டர் போடணும். பதில் வர்றதுக்குள்ள அதுங்க எம்ஃபில் முடிஞ்சு, கல்யாணமே முடிஞ்சிரும். எனக்குப் பயமா இருக்கு சார், வெளையாட்டுக்குச் சொல்லல.

— நீங்க நன்னாப் பேசறேள். மனசு கேக்கறது, பேனா கேக்க மாட்டேங்கறது. கிளிக்தான். அதுல மாத்தமில்லை.

— கடைசி வார்த்தையா?

— கடைசி. டெலிபோன் அடிக்கறது பாரு. கனகராஜ், எடு.

— அல்லோ. ஆங், கீறாரு, இரும்மா. சார், கமிட்டி ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா பேசுது.

— குடு. ஸ்ரீனிவாசராகவன் பேசறேன். புதுசா சேர்ந்திருக்கேளா, சந்தோஷம், சொல்லுங்கோ. என்னது? ஜாஸ்தி இருக்கறவாளோட லைனைத்தான் நிறுத்தப் போறாளா? ம். ஏப்ரல்லேர்ந்து உபயோகத்துக்குத் தக்க பில்லா? அடடா. குறைச்சலா இருக்கறவாளுக்குத்தான் தொடர்ந்து குடுப்பாளா? புரியறது, நன்னாப் புரியறது. ரொம்ப உபகாரம்மா. சேச்சே, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.

— சார், நீங்க மூச்சு விடாம சொன்னது அத்தனையும் இங்க கேட்டுச்சு.

— கேட்டுடுத்தா?

— கேட்டுச்சு. சரி, பெரியவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கிளிக் கணக்கே இருக்கட்டும். உங்களுக்குப் பதினெட்டாயிரம், எங்களுக்கு ஆறாயிரம். பேனாவக் குடுங்க, கையெழுத்து போட்டுடறேன்.

— இருங்கோ, இருங்கோ. என்ன அவசரம்? கிளிக்ல ஒரு நியாயமே இல்லையே, கேட்டேளா? கை நடுங்கறவன் நாலு தட்டு தட்டுவான். அது படிப்பாகுமா?

— போன நிமிஷம் ஆச்சே சார்.

— நான் யோசிச்சுப் பாத்தேன். நீங்க காலம்பறலேர்ந்து சொல்றதுதான் தர்மம். ஒரு ஆள், ஒரு தடவை உக்காந்தா, ஒண்ணு.

— எனக்கு இப்ப அதுல இஷ்டமில்ல.

— உங்க வாயால நீங்களே சொன்னது மேடம். பசங்களுக்குப் பாடம் சொல்ற எடத்துல இருக்கேள், சொன்ன வார்த்தையை மாத்தலாமா?

— மாதாவே, இதென்ன சோதனை. சரி, சொன்னது சொன்னதுதான். ஆனா அப்புறம் நீங்க மாறக்கூடாது.

— நான் ஏன் மாறறேன்? எழுதறேன், கேளுங்கோ. "ஒரு தடவை என்பது ஒருவர் வந்து அமர்ந்து எழுந்து செல்லும் வரை உள்ள முழு நேரம். இடையில் இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்தாலும் ஒன்றே. ஒரே இடத்தில் அடுத்தடுத்து அழுத்தினாலும் ஒன்றே." போறுமா?

— போதும் சார்.

— போறாது. "நூலக ஊழியர் பார்த்தது கணக்கில் சேராது." தினம் காலம்பற லைன் உயிரோட இருக்கான்னு நான் பாக்கறேனே, அதெல்லாம் ஒரு படிப்பா?

— சார், அதையுமா?

— "விருந்தினருக்கு இன்டர்நெட் காண்பித்தது கணக்கில் சேராது." டைரக்டரோட மச்சினர் மட்டும் மாசம் ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போறார். அடிச்சாச்சு. நான் போட்டுட்டேன், நீங்க போடுங்கோ.

— போட்டாச்சு.

— கனகராஜ், சைக்கிளை எடுத்துண்டு ஆழ்வார்பேட்டைக்குப் பற.

— சைக்கிள் பஞ்சராயி கீது சார். பஸ்ல போய்க்கினு வந்துர்றேன். துட்டு குடு.

— இந்தா. ஆபீஸ்ல முத்திரை குத்தி வாங்கிண்டு வா, தெரிஞ்சுதா? மேடம், அவன் வரவரைக்கும் இருங்கோ. ஆத்துலேர்ந்து புளியோதரை வந்திருக்கு, ரெண்டு பேருக்கும் போறும்.

— நல்லா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் வைங்க.

— நன்னாச் சாப்பிடுங்கோ. உங்களைப் பாத்தா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. புதுக் கணக்குல எனக்கு நூத்துப் பத்து தேறினா ஜாஸ்தி. உங்களுக்கு?

— எங்க ரிஜிஸ்டர்ல ஆயிரத்தி இருநூறு. நான் எப்பவும் ஆளத்தானே எண்ணுறேன், அது அப்படியேதான் நிக்கும். அந்த ஆறாயிரம் கிளிக்கும் எங்க பொண்ணுங்க தட்டின ஒத்தத் தட்டுதான் சார்.

— அதான் பாவம்ங்கறேன். படிக்கறவா நிறைய இருந்து லைன் போறதே. ஒண்ணு பண்ணுங்கோ, வியாழக்கிழமை வியாழக்கிழமை உங்க பொண்ணுகளை இங்க அனுப்புங்கோ. நானே பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்.

— நீங்க நல்ல மனுஷன் சார். இவ்ளோ நல்லவரா இருப்பீங்கன்னு நெனைக்கல. இப்ப எனக்கு மனசு என்னவோ பண்ணுது.

— அழாதேங்கோ. அதோ, கனகராஜ் வந்துட்டான். என்னப்பா, குடுத்தியா?

— குட்த்துட்டேன் சார். முத்திர குத்தி நகலு குட்த்தாங்கோ, இந்தா. இனிமே ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாதுன்னு சொல்லிக்கினாங்கோ.

— மாத்துவானேன்? பேஷா முடிஞ்சுது, கேட்டேளா மேடம்?

— கேட்டேன் சார். உங்க சயன்டிஸ்டுங்க யாரு வேணாலும் எங்க காலேஜுக்கு வரலாம். தனி நாற்காலி போட்டு வெக்கறேன்.

— அவா எதுக்கு அங்க வரணும்? லைன் இங்கதானே இருக்கப் போறது.

— கமிட்டி ஆபீஸ் போன் மூணு நாளா செத்துக் கெடக்கு சார். உங்ககிட்ட அவ்ளோ மரியாதையாப் பேசினது எங்க லைப்ரரி அசிஸ்டென்ட் ஷெரில்.