எட்டிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு

எங்கள் பாட்டுச் சேனலைக் கொன்றவர்கள் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் கேபிள் ஆபரேட்டர்கள்.

குற்றத்தைச் சொல்லிவிட்டேன். இனி மரியாதையைச் சொல்கிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! பத்து நிமிடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! முதல் கம்பி இழுத்து, முதல் வீட்டுக்குப் படம் காட்டிய மூத்தவர்களே! மழையென்றும் வெயிலென்றும் பாராமல் கம்பமேறும் கைகளே! வேலை முடிந்த களைப்போடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் நேயர்களான தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார்? பதினோரு மாதம் வாழ்ந்து, நாற்பது நாளுக்கு முன் கண்மூடிய அந்தச் சேனலில் பாடல்களை வரிசைப்படுத்தியவன். எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்வதே என் தொழில். வரிசையில் ஒன்றைப் பின்னால் தள்ளினால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்!

எங்களிடம் என்ன இருந்தது? இரண்டு அறை, ஒரு கேமரா, நான்கு தொலைபேசி. பெரிய சேனலிடம் என்ன இருந்தது? எல்லாம் இருந்தது. படம் அவர்களுடையது, பாட்டு அவர்களுடையது, செய்தி அவர்களுடையது, தொடர் அவர்களுடையது. ஏழு சேனல், ஒரே கட்டு. எடுத்தால் ஏழையும் எடு, விட்டால் ஏழையும் விடு!

அவர்கள் தராத ஒன்றை நாங்கள் தந்தோம். மாலை ஆறு மணிக்குக் கண்டக்டர் அக்கா வருவார். காலையில் பேருந்தில் டிக்கெட் கிழிப்பார். மாலையில் எங்கள் கேமராவுக்கு முன் அமர்வார். சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டார். தொலைபேசியை எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க ஏறினீங்க, எங்க இறங்கணும்?"

ஒரு நாள் நூற்பாலையிலிருந்து ஒரு பெண் பேசினார். "அக்கா, மெஷின் ஓடுற தாளத்துக்கு நானே ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன். பாடட்டுமா? சிரிக்கக் கூடாது."

"நான் எதுக்கும்மா சிரிக்கிறேன்? பாடு, நான் விசில் ஊதறேன்!"

பாடினார். அக்கா விசில் ஊதினார். அன்று நான்கு தொலைபேசியும் ஒன்பது மணிவரை ஓயவில்லை. மெக்கானிக் பாடினார், நர்ஸ் பாடினார், சலவைக்கடைக்காரர் இஸ்திரி போட்டபடியே பாடினார். எந்த சினிமாக் கம்பெனியும் எழுதித் தராத பாட்டு! எவரும் காசு கொடுத்து வாங்கித் தராத புகழ்! ஒரு நாளைக்கு இருநூறு அழைப்பு!

எட்டாம் மாதம் அது நூறானது. பிறகு முப்பது. பிறகு ஒன்பது.

நாங்கள் என்ன செய்தோம்? கேளுங்கள், எங்கள் குற்றத்தையும் சொல்கிறேன். பாட்டைக் குறை சொன்னோம், பாடியவர்களைக் குறை சொன்னோம். கடைசியில் அக்காவைக் குறை சொன்னோம். "அக்கா, உங்க பேச்சு சனங்களுக்குச் சலிச்சுப்போச்சு. நாளையிலேர்ந்து வரவேண்டாம்." சொன்னது யார்? இதோ நிற்கிறேனே, நான்தான். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் ஒன்பது அழைப்பும் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்த அக்கா. உள்ளே நுழைந்ததும் கேட்டார்: "என்னடா, உன் சேனல மூடிட்டாங்களாமே, ஒரு வார்த்த சொல்லலியே?"

"யாருக்கா சொன்னது? ஓடிக்கிட்டுதானே இருக்கு!"

"எங்க ஓடுது? எட்டுல வேற எவனோ ஆடிக்கிட்டிருக்கான்."

டிவியைப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் இருந்த எட்டாம் எண்ணில் பெரிய சேனலின் புத்தம் புதிய இரண்டாவது பாட்டுச் சேனல். ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே போனேன். அறுபதில் டிவி நின்றுவிட்டது. அதற்குமேல் எண்ணே இல்லாத பழைய டிவி அது.

நீங்கள் கேட்கலாம்: சேனல் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியவில்லை! எங்கள் அலுவலகத்து டிவி எங்கள் இயந்திரத்தோடு நேராக இணைந்திருந்தது. அங்கே கேபிள் இணைப்பே கிடையாது. நம் சேனலை நாமே காசு கொடுத்து எதற்குப் பார்ப்பது என்ற கெட்டிக்காரத்தனம்! ஊரே எங்களைப் பார்க்க முடியாமல் போன பிறகும், நாங்கள் மட்டும் எங்களைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேராக அந்தத் தெரு ஆபரேட்டரிடம் போனேன். அவரும் இங்கேதான் இருக்கிறார். பயப்படாதீர்கள், காட்டிக்கொடுக்க மாட்டேன்.

"அண்ணே, எங்க சேனல் எங்கண்ணே?"

"தொண்ணூத்தி நாலுல பத்திரமா இருக்குப்பா."

"பாதி வீட்டு டிவி அறுபதோட நிக்குதே!"

"புது டிவி வாங்கச் சொல்லு." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "கோவிச்சுக்காத தம்பி. அவங்க ஆஃபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. உங்கள நிறுத்தச் சொல்லல. கொஞ்சம் தள்ளி வைங்கன்னாங்க, அவ்வளவுதான். முடியாதுன்னா ஏழு சேனலையும் உருவிடுவாங்க. தொடர் வரலன்னா சனங்க என் வீட்டுக் கதவ ஒடச்சிருவாங்கப்பா!"

கேட்டீர்களா? தடை இல்லை, தாள் இல்லை, கையெழுத்து இல்லை. தள்ளி வை! தள்ளி வைத்தால் போதும், தானே சாகும்! அப்படித்தான் பதினோராம் மாதம் செத்தது.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் அண்ணே. நாளை அதே தொலைபேசி உங்களுக்கு வரும். "உங்க தெருக் கம்பியையும் நாங்களே பாத்துக்கறோம், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அதே குரல் சொல்லும். அன்றைக்கு உங்களுக்காகப் பேச எந்தச் சேனல் மிச்சமிருக்கும்?

ஒருவர் மறுத்தால் அவர் கதவு உடையும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாக மறுத்தால்? ஊர் முழுவதும் அவர்களுடைய ஏழு சேனலும் இருண்டுவிடுமே! அதை அவர்கள் ஒரு நாள் தாங்குவார்களா? விளம்பரக்காரன் விடுவானா? உங்கள் பலம் உங்களுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுகிறார்கள்!

எங்கள் முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். சங்கம் எட்டாம் எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் முதல் தேதியே ஒளிபரப்பு. இன்று கொடுக்காவிட்டால் நாளை கருவிகளைப் பிரித்து விற்றுவிடுவார். அதற்குமேல் அவரால் காத்திருக்க முடியாது.

நான்காவது வரிசையில் சீருடையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, தப்பு என்னுடையது. உங்கள் குரல் யாருக்கும் சலிக்கவில்லை. அது யாரையும் போய்ச் சேரவில்லை. இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னக்கா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"என்னப் பத்திப் பேசினது போதும் தம்பி, ஓட்டுக்கு விடச் சொல்லு!"

கை தட்டுகிறீர்கள். நல்லது. தட்டிய கையை அப்படியே தூக்கத்தான் கேட்கிறேன். மணி அடிக்க வேண்டாம் செயலாளர் அவர்களே, முடித்துவிட்டேன். பேச விட்ட சங்கத்துக்கும், பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கும், கடைசிவரை எழுந்து போகாத தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம்.

ஆனால் மைக்கை விடமாட்டேன். தலைவர் அவர்களே, தீர்மானம் உங்கள் மேசையில் இருக்கிறது. ஒரே வரி. வாக்குக்கு விடுங்கள்.

கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களா? யாரைக் கேட்க வேண்டும்? தலைவர் நீங்கள்தானே?

வாக்குக்கு விடுங்கள், தலைவர் அவர்களே.

கீழே பார்க்காதீர்கள். வாக்குக்கு விடுங்கள்.